பலேர்மோவில் காணாமல் போன நிருபரும், மிலானில் இறங்காத விமானமும்

பரீட்சை, ப்ராஜெக்ட்டுன்னு ஓடிக்கிட்டு இருந்ததால கொஞ்ச நாளா இந்தப் பக்கம் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லாமல் கிடந்தது. இன்னிக்கு சமையல் குறிப்பும் கிடையாது, சினிமா விமர்சனமும் கிடையாது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு குட்டி விமான விபத்து பற்றி எழுதப்போறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

விமானம் விழுந்தது வட இத்தாலியில், மிலானுக்குப் பக்கத்தில். ஆனா அந்தக் கதையோட பாதி நான் தங்கியிருக்கும் இந்த லிபெர்த்தா பகுதியில்தான் நடந்தது.

லிபெர்த்தா என்றால் விடுதலை

சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோ. அதன் நடுவே வடக்கு நோக்கி நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரு சாலை போகும். வியா லிபெர்த்தா, நம்ம மொழியில் சொன்னால் ‘விடுதலைச் சாலை’. 1848-ல் இங்கே புரட்சி நடந்து ஒரு அரசு அமைந்தபோது போட்ட திட்டம் இது, அதனால்தான் இந்தப் பெயர். இரண்டு பக்கமும் மரங்கள், பெரிய பெரிய கடைகள், பணக்கார அடுக்குமாடிகள். சாலையைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கும் அதே பெயர்தான். என்னை மாதிரி மாணவர்கள் அந்த அடுக்குமாடிகளின் பின்பக்கத்து அறைகளில் மூணு பேர், நாலு பேராக வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருப்போம்.

பார்க்க அழகாக இருக்கும் இந்தத் தெருக்களுக்கு இன்னொரு வரைபடம் உண்டு. வியா லிபெர்த்தாவில்தான் 1980 ஜனவரி 6-ந் தேதி சிசிலி மாநில அரசின் தலைவர் பியெர்சாந்தி மத்தரெல்லா சுட்டுக் கொல்லப்பட்டார் (2015-ல் இத்தாலியின் குடியரசுத் தலைவரான செர்ஜோ மத்தரெல்லா இவரோட தம்பி). குறுக்கே போகும் நொத்தர்பார்த்தோலோ தெருவில் நீதிபதி ஃபல்கோனே குடியிருந்த வீட்டு வாசல் மரத்தில் இன்னமும் ஜனங்க கடிதம் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தெருவின் பெயரே 1893-ல் ரயிலில் குத்திக் கொல்லப்பட்ட ஒரு வங்கித் தலைவரின் பெயர்.

இதே பகுதியில் வில்லா ஸ்பெர்லிங்கா பக்கம் வியாலே தெல்லே மஞ்ஞோலியே என்று ஒரு தெரு. மக்னோலியா மரத் தெரு. 1970 செப்டம்பர் 16 இரவு ஒன்பது மணி சுமாருக்கு அந்தத் தெருவில் தன் வீட்டு வாசலில் காரை நிறுத்திய ஒரு பத்திரிகை நிருபர், அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை. பெயர் மௌரோ தே மௌரோ. அவர் அப்போது தேடிக்கொண்டிருந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னாடி விழுந்த ஒரு விமானத்தின் கடைசி இரண்டு நாள் கதையை.

யார் இந்த மத்தேயி?

விமானத்தில் இருந்தவர் என்ரிக்கோ மத்தேயி. 1906-ல் பிறந்தவர். ரெண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்த கொரில்லாப் படைகளில் கத்தோலிக்கர் தரப்புத் தலைவர்களில் ஒருவர். 1945-ல் இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள்: முசோலினி காலத்தில் தொடங்கிய ‘அஜிப்’ என்ற அரசு எண்ணெய் கம்பெனியை இழுத்து மூடு. மனுஷன் மூடலை. வடக்கே போ சமவெளியில் எரிவாயு கிடைக்க, அதை வைத்துக் கம்பெனியைப் பெரிதாக்கி, 1953-ல் ‘எனி’ என்ற அரசு எரிசக்தி நிறுவனத்துக்கே தலைவராக உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் உலக எண்ணெய் வியாபாரத்தை ஆட்டிப்படைத்த ஏழு பெரிய கம்பெனிகளுக்கு ‘ஏழு சகோதரிகள்’ என்ற பட்டப்பெயரைப் பரப்பியவர் இவர்தான் என்பார்கள். அவர்கள் எண்ணெய் வளமுள்ள நாடுகளோடு லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டிருந்தபோது, 1957-ல் மத்தேயி ஈரானுக்குப் போய் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டார். ஈரானை வெறும் நிலச்சொந்தக்காரனாக இல்லாமல் கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்டதால், கடைசிக் கணக்கில் முக்கால் பங்கு ஈரானுக்குப் போகும், கால் பங்கு இத்தாலிக்கு. 1960-ல் சோவியத் யூனியனிடம் மலிவாகக் கச்சா எண்ணெய் வாங்க ஒப்பந்தம் செய்தார். பிரான்ஸிடம் விடுதலை கேட்டுப் போராடிக்கொண்டிருந்த அல்ஜீரியர்களோடு தொடர்பு வைத்திருந்தார்.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்லணும்னா, நேரு காலத்து எண்ணெய் அமைச்சர் கே.டி. மாளவியாவை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மா ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் இவங்களையே நம்பி இருக்கக்கூடாது என்று 1956-ல் ஓஎன்ஜிசியை நிலைநிறுத்தி, சோவியத் உதவியோடு எண்ணெய் தேடினவர். அதே ரகம்தான், கூடவே பத்து மடங்கு அதிரடி.

இவருக்கு எத்தனை எதிரிகள் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகள். அல்ஜீரியாவை விட மனசில்லாத பிரெஞ்சுத் தீவிரவாதிகள். இத்தாலிக்குள்ளேயே இவருடைய செல்வாக்கைப் பார்த்துப் பயந்த அரசியல்வாதிகள். கட்சிகளுக்குப் பணம் கொடுப்பதை இவர் ஒளிக்கவும் இல்லை. கட்சிகளை டாக்ஸி மாதிரி பயன்படுத்துகிறேன், ஏறுவேன், காசு கொடுப்பேன், இறங்கிவிடுவேன் என்ற பொருளில் அவர் பேசியது இத்தாலியில் ரொம்பப் பிரபலம். அப்படிப்பட்ட ஆள் செத்தால், ‘விபத்து’ என்ற சொல்லை யார் நம்புவார்கள்? இந்த வழக்கின் முதல் சிக்கலே இதுதான். காரணம் அதிகமாக இருப்பதே ஆதாரம் ஆகிவிடாது.

அந்த இரவு

1962 அக்டோபர் 27, சனிக்கிழமை. உலகமே கியூபா ஏவுகணை நெருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாள். மத்தேயி சிசிலியில் இருந்தார். தெற்குக் கடற்கரையில் ஜேலா என்ற ஊரில் எண்ணெய் கிடைத்து, அங்கே பெரிய பெட்ரோகெமிக்கல் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. மலை மேல் காலியானோ என்ற ஏழை ஊரில் எரிவாயு கிடைத்திருந்தது. அன்று அந்த ஊர் ஜனங்கள் முன்னால் நின்று, வேலை இங்கேயே வரும், பிழைக்க வெளிநாடு போனவர்கள் திரும்பி வரலாம் என்று பேசினார். (வெளியூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நமக்கே கேட்க எப்படி இருக்கு பாருங்க! ஜெர்மனிச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் மகன்களை அனுப்பின ஊருக்கு எப்படி இருந்திருக்கும்?)

மாலை ஐந்து மணி வாக்கில் கத்தானியா விமான நிலையத்திலிருந்து கிளம்பினார். விமானம் மொரான்-சோல்னியே கம்பெனியின் ‘பாரிஸ்’ ரகம். பிரான்ஸில் செய்தது, நாலே சீட்டு, பின்பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஜெட் எஞ்சின். உள்ளே மூணு பேர்: மத்தேயி, விமானி இர்னேரியோ பெர்துத்ஸி, ‘டைம்’ பத்திரிகையின் ரோம் அலுவலகத் தலைவர் வில்லியம் மெக்ஹேல். பெர்துத்ஸி போர்க்காலத்தில் டார்ப்பிடோ விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கினவர், கத்துக்குட்டி இல்லை.

மிலானின் லினாத்தே நிலையத்தில் இறங்க வேண்டும். மழை, இருட்டு. ஏழு மணிக்குச் சற்று முன்பு கட்டுப்பாட்டு அறையோடு கடைசிப் பேச்சு. அப்புறம் மௌனம். லினாத்தேவுக்குச் சில நிமிட தூரத்தில், பஸ்காப்பே என்ற கிராமத்து வயலில் விமானம் சிதறிக் கிடந்தது. மூவரும் இறந்துபோயிருந்தார்கள்.

எஞ்சின் நின்றதா, விமானி தடுமாறினாரா?

ராத்திரியில் சின்ன விமானம் விழுந்தால் விசாரணை ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான். பகலில் எஞ்சின் நின்றுபோனால் விமானி கீழே பார்த்து ஒரு வயலையோ சாலையையோ தேர்ந்தெடுக்கலாம். இருட்டில் கீழே இருப்பது வயலா, குளமா, மின்கம்பமா என்றே தெரியாது. எஞ்சின் நன்றாக ஓடினாலும் இன்னொரு ஆபத்து உண்டு. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது நம் காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சரிந்து திரும்பிக்கொண்டிருந்தாலும் நேராகப் போகிறோம் என்றே தோன்றும். கருவிகளை நம்பாமல் உடம்பை நம்பினால் சுழன்று தரைக்குப் போய்விடலாம்.

அந்த விமானத்தில் கருப்புப்பெட்டி கிடையாது. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? உலோகம் பேசும் மக்கா! (நான் படிப்பது மெட்டீரியல்ஸ் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பீட்டர் விட்டுக்கிறேன், பொறுத்துக்கங்க.) எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போது தரையில் மோதினால் உள்ளே உள்ள தகடுகள் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக வளையும், மண்ணும் புல்லும் உள்ளே உறிஞ்சப்பட்டிருக்கும். நின்றுபோன எஞ்சினில் அப்படி இருக்காது. மோதும் நொடியில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கின் இழை சூட்டில் இளகி நீண்டிருக்கும், அணைந்த விளக்கின் இழை பட்டென்று ஒடிந்திருக்கும். கருவியின் முள் முகப்பில் அடித்து விட்டுப்போன தழும்பைப் பார்த்தே கடைசி அளவைச் சொல்லிவிடலாம்.

மத்தேயி விமான விஷயத்தில் எஞ்சின் சந்தேகத்துக்கு ஒரு முன்கதையும் சொல்கிறார்கள். அதே வருஷத் தொடக்கத்தில் அவர் விமானத்தைப் பரிசோதித்தபோது எஞ்சின் பகுதிக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவர் ஒட்டிவைக்கப்பட்டிருந்ததாம். மறதியில் விட்ட கருவி என்றால் யாரும் டேப் போட்டு ஒட்டிவைக்க மாட்டார்கள் இல்லையா?

இத்தனை இருந்தும், பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த விசாரணைக் குழு (அப்போது அந்தத் துறை அமைச்சர் ஜூலியோ அந்த்ரெயோத்தி) 1963-ல் முடித்த அறிக்கையில் நாசவேலைக்கு ஆதாரம் காணவில்லை. மழை, இருட்டு, விமானி கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்ற திசையிலேயே விஷயம் போனது. 1966-ல் பாவியா நீதிமன்றமும் குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று கோப்பை மூடியது.

ஒரு சின்ன உறுத்தல் மட்டும் மிச்சம். பக்கத்துப் பண்ணையில் இருந்த ஒரு விவசாயி, வானத்திலேயே நெருப்பைப் பார்த்ததாக முதலில் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பிறகு விசாரணையில் சொன்னதை மாற்றிக்கொண்டார். தரையில் மோதிய பிறகு எரிந்தால் அது விபத்தாக இருக்கலாம். வானத்திலேயே எரிந்தால் கதை வேறு. அவர் ஏன் மாற்றினார் என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

மக்னோலியா தெரு, இரவு ஒன்பது மணி

1970 கோடையில் இயக்குநர் பிரான்செஸ்கோ ரோஸி மத்தேயி பற்றிப் படம் எடுக்கக் கிளம்பினார். சிசிலியில் மத்தேயி கழித்த கடைசி இரண்டு நாளை மணிக்கு மணி விசாரித்து எழுதித்தாருங்கள் என்று பலேர்மோவின் ‘லோரா’ பத்திரிகை நிருபர் தே மௌரோவிடம் கேட்டார்.

‘லோரா’ சாயங்காலப் பத்திரிகை. மாஃபியா என்ற சொல்லை அச்சில் போடவே மற்றவர்கள் தயங்கிய காலத்தில் பெயர் போட்டு எழுதியது. 1958-ல் அதன் அலுவலகத்தில் குண்டு வைத்தார்கள். அந்தப் பத்திரிகைக்கு எழுதிய மூன்று பேர் வெவ்வேறு ஆண்டுகளில் கொல்லப்பட்டார்கள். 1992-ல் பத்திரிகையே நின்றுபோனது.

தே மௌரோ ஒன்றும் வெள்ளைத் தாள் கிடையாது. போர்க்காலத்தில் முசோலினி பக்கம் நின்ற படையில் இருந்தவர். அப்புறம் இடதுசாரிப் பத்திரிகையில் நிருபர். மொழியியலாளர் துல்லியோ தே மௌரோ இவரோட தம்பி. ஆனால் நிருபராக இவர் எதையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. காலியானோவில் மத்தேயி பேசிய பேச்சின் ஒலிநாடாவை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த நாள்களில் மத்தேயியோடு இருந்தவர்களைத் தேடிப்போனார். பெரிய விஷயம் ஒன்று கிடைத்திருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 16 இரவு வீட்டு வாசலில் கார் வந்து நின்றதை மகள் பார்த்தார். மகளுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்த நேரம். அப்பா மேலே வரவில்லையே என்று பார்த்தால், காருக்குப் பக்கத்தில் யாரோ சிலர். சிசிலி பேச்சுவழக்கில் ‘அமுனின்னி’ என்று ஒரு குரல். ‘போலாம்’ என்று அர்த்தம். கார் கிளம்பிப் போனது. மறுநாள் கார் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

விசாரணை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிந்தது. போலீஸ் மத்தேயி விவகாரத்தைப் பிடித்தது. கராபினியேரி படை போதைமருந்துக் கடத்தலைப் பிடித்தது. அந்த வருஷம் டிசம்பரில் இளவரசர் போர்கேசே நடத்தப் பார்த்த ராணுவப் புரட்சி பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டதால்தான் கொன்றார்கள் என்ற மூன்றாவது பாதை பிற்பாடு வந்தது. இந்த வழக்கைத் தொட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். அரசு வழக்கறிஞர் ஸ்காலியோனே 1971-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸ் அதிகாரி போரிஸ் ஜூலியானோ 1979-ல், காலையில் காபி குடிக்கப் போன இடத்தில். அப்போது இங்கே கராபினியேரி கர்னலாக இருந்த தல்லா கியேசா 1982-ல், மனைவியோடு. மூவரும் கொல்லப்பட வேறு வலுவான காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடக் கூடாது. ஆனாலும், தேடுகிறவர்களையே இழந்துகொண்டிருக்கும் ஊரில் ஒரு விசாரணை எப்படி நடக்கும்?

ரோஸியின் படம் 1972-ல் வந்தது. ‘மத்தேயி விவகாரம்’ என்ற அந்தப் படம் அந்த வருஷம் கான் விழாவின் உயரிய பரிசை இன்னொரு இத்தாலியப் படத்தோடு பங்கிட்டுக்கொண்டது. தே மௌரோ காணாமல் போனதையும் ரோஸி படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். கிடைத்தால் பாருங்கள், சுமார் படமெல்லாம் இல்லை.

மோதிரம் சொன்ன சாட்சி

இனி 1990-கள். மாஃபியாவிலிருந்து பிரிந்து வந்து வாக்குமூலம் கொடுத்தவர்கள் மத்தேயி பெயரையும் சொன்னார்கள். அமெரிக்க மாஃபியா கேட்டுக்கொண்டதால் சிசிலிக்காரர்கள் செய்து கொடுத்த உதவி அது என்றார் தொம்மாசோ புஷெத்தா. 1994-ல் பாவியா அரசு வழக்கறிஞர் வின்சென்ஸோ காலியா முப்பது வருஷத் தூசியைத் தட்டிக் கோப்பைத் திரும்பத் திறந்தார்.

காலியா வாக்குமூலங்களை மட்டும் நம்பி உட்காரவில்லை. 1995-ல் கல்லறைகளைத் தோண்டி உடல்களை எடுத்தார்கள். எலும்புகளில் பதிந்திருந்த உலோகத் துணுக்குகள், மத்தேயியின் மோதிரம், கருவிப் பலகையில் மிஞ்சியிருந்த சில துண்டுகள் எல்லாம் தூரின் பாலிடெக்னிக் பேராசிரியர் தொனாத்தோ ஃபிர்ராவோவின் நுண்ணோக்கிக்கு அடியில் போயின.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு உலோகத்தை வளைத்தால் அதற்குள் இருக்கும் படிகங்களில் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், சீட்டுக்கட்டைச் சாய்த்த மாதிரி. தங்கம் மென்மையானது, சுலபமாக வழுக்கிவிடும். ஆனால் வெடியின் அதிர்வலை மைக்ரோ வினாடிக் கணக்கில் அடிக்கும்போது வழுக்கிப்போக நேரமே இருக்காது. படிகத்தின் ஒரு பகுதி கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி அப்படியே திரும்பிக்கொள்ளும். இதை இரட்டைப் படிகம் என்கிறோம். தங்கத்தைச் சூடாக்கி ஆறவைத்தாலும் ஒருவகை இரட்டைகள் வரும், அவை தடிமனான, நேரான பட்டைகளாக இருக்கும். அதிர்ச்சியில் வருபவை மெல்லிய கோடுகளாக நெருக்கமாக இருக்கும். விமானம் தரையில் மோதும் வேகம் இதற்குப் போதாது. பக்கத்தில் ஏதாவது வெடித்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தடயங்கள்தான் அந்தத் துண்டுகளில் கிடைத்தன. 1997-ல் காலியா ஒரு முடிவுக்கு வந்தார்: விமானம் காற்றிலேயே சேதமானது. கருவிப் பலகைக்குப் பின்னால் வைத்த சிறிய அளவு வெடிமருந்து, தரையிறங்கச் சக்கரங்களை இறக்கும் நேரத்தில் வெடித்திருக்க வேண்டும். எஞ்சினும் குற்றவாளி இல்லை, பெர்துத்ஸியும் குற்றவாளி இல்லை. முப்பத்தைந்து வருஷமாக ஒரு விமானியின் பெயரில் ஒட்டியிருந்த கறையைக் கழுவியது ஒரு மோதிரம்.

ஆனால் யார் வைத்தது? இங்கேதான் பாதை முடிகிறது. உள்நாட்டில் அதிகாரம் கையில் இருந்தவர்களின் துணை இல்லாமல் இப்படிச் செய்து, இத்தனை காலம் மூடி வைத்திருக்கவும் முடியாது என்பது காலியாவின் கருத்து. ஆனால் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் அளவுக்கு ஆதாரம் இல்லாததால் 2003-ல் வழக்கை முடித்துவைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். எண்ணெய் கம்பெனிகள்தான் செய்தன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. மத்தேயி சாகும்போது ‘எனி’க்கும் எஸ்ஸோவுக்கும் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, 1963-ல் ஒப்பந்தமும் ஆனது.

தே மௌரோ வழக்கில் மாஃபியா தலைவன் தொத்தோ ரீனா மட்டுமே கடைசியில் கூண்டில் நின்றான். 2011 ஜூனில் பலேர்மோ நீதிமன்றம் அவனை விடுவித்தது, மேல்முறையீட்டிலும் அப்படியே. ஆனால் 2011 தீர்ப்பின் விளக்கத்தில் நீதிபதிகள் ஒன்றைத் தெளிவாக எழுதினார்கள்: மத்தேயி விமானம் நாசவேலையால் விழுந்தது, அந்த உண்மைக்கு மிக அருகில் போனதால் தே மௌரோ கொல்லப்பட்டார். குற்றம் நடந்தது உறுதி, குற்றவாளி இல்லை. விசித்திரமான தீர்ப்பு, இல்லையா?

எல்லா விபத்தும் சதியா?

இந்த மாதிரிப் பதிவு போட்டால் உடனே ‘அப்போ ஹோமி பாபா? அப்போ நேதாஜி?’ என்று பின்னூட்டம் வரும். அதனால் முன்கூட்டியே சொல்லிடறேன். நேதாஜி விஷயத்தில் ஷா நவாஸ் குழு, கோஸ்லா ஆணையம், முகர்ஜி ஆணையம் என்று மூன்று விசாரணை. முதல் இரண்டும் 1945 தைப்பே விபத்தில் இறந்தார் என்றன. மூன்றாவது அப்படி இல்லை என்றது, 2006-ல் அரசு அதை ஏற்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் கடைசிவரை முதல் விசாரணையின் முடிவை ஒப்புக்கொள்ளவே இல்லை. அங்கே உலோகத் துண்டு எதுவும் கையில் இல்லாமல் சாட்சிகளின் வாய்ச்சொல்லை வைத்தே சண்டை.

எதிர்ப்பக்க உதாரணம் மோகன் குமாரமங்கலம். நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கிய அமைச்சர். மத்தேயி மாதிரியே பெரிய கைகளைப் பகைத்துக்கொண்டவர்தான். 1973 மே 31 இரவு, சென்னையிலிருந்து டெல்லி போன போயிங் 737, மோசமான வானிலையில் பாலம் நிலையத்துக்கு முன்பே தாழ்ந்து மின்கம்பிகளில் மோதியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள், அமைச்சரும் அதில் ஒருவர். பகை இருந்தது, இரவு இருந்தது, மழையும் புழுதியும் இருந்தன. இருந்தும் அது விபத்து.

பலேர்மோ கடலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 6, பாரியிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்குப் போன துனின்டர் விமானத்தின் இரண்டு எஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. கடலில் இறக்கப் பார்த்ததில் 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். கருப்புப்பெட்டிகளை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? ஏடிஆர் 72 விமானத்தில் ஏடிஆர் 42-க்கான எரிபொருள் அளவுமானியை மாட்டியிருந்தார்கள். டாங்கி காலி, மானி மட்டும் இருக்கு இருக்கு என்று காட்டியது. சதி இல்லை. தப்பான உதிரிபாகம், அதைத் தடுக்காத நடைமுறைகள். மூன்று வருஷத்துக்குள் அறிக்கை வந்தது. தேட மனசு இருந்தால் கடலடியிலிருந்தும் பதில் வரும், மனசு இல்லாவிட்டால் வயலில் கிடப்பதும் கண்ணில் படாது.

மத்தேயிக்கு ஒரு வருஷம் முன்பு, 1961 செப்டம்பரில், ஐ.நா. பொதுச்செயலாளர் ஹமர்ஷோல்டின் விமானம் ஆப்பிரிக்காவில் இன்டோலா பக்கம் இரவில் விழுந்தது. காட்டில் கரி சுட்டுக்கொண்டிருந்த கறுப்புத் தொழிலாளர்கள் இன்னொரு விமானத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்றைய காலனி அரசின் விசாரணை அதை ஒதுக்கித் தள்ளியது. அரை நூற்றாண்டு கழித்து ஐ.நா. அந்த வழக்கை மறுபடி எடுத்தபோது அதே தொழிலாளர்களின் பேச்சுக்குத்தான் திரும்பிப்போனார்கள். அங்கே கரி சுடுகிறவர், பஸ்காப்பேயில் விவசாயி. ராத்திரியில் விழும் விமானத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான், அதிகாரிகள் அந்த நேரத்தில் வயலில் நிற்பதில்லை. அந்தச் சாட்சிகளின் பேச்சுக்கு முதல் நாளே மதிப்புக் கொடுத்திருந்தால், அவர்கள் பயப்படாமல் பேச ஏற்பாடு செய்திருந்தால், மோதிரத்துக்காக 33 வருஷம் கழித்துக் கல்லறையைத் தோண்டும் வேலை இருந்திருக்காது. மக்னோலியா தெருவில் ஒருத்தர் காணாமல் போயிருக்கவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். நான் மிளகாய்த்தூள் வாங்கும் கடை அண்ணா முப்பது வருஷமாக இங்கே. தே மௌரோ பற்றி அவரிடம் கேட்டேன். “தம்பி, இஞ்ச எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருத்தரும் சொல்லமாட்டினம். எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே இருந்தது”ன்னார். மேலே ஒன்றும் கேட்கத் தோணலை. வாசலில் இருந்து கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை என்ற வாக்கியத்தை அவருக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லையே.

தே மௌரோவுக்கு அந்த விமானத்தைப் பற்றி என்ன தெரிந்தது என்பது அவரோடு போய்விட்டது. ஆனால் அவர் போன வழி சரியானது என்பதை ஒரு நுண்ணோக்கியும் ஒரு பிடிவாதக்கார வழக்கறிஞரும் பிற்பாடு காட்டினார்கள். கேள்வி கேட்டவர் கேட்டது சரிதான் என்று தெரிய ஒரு நாட்டுக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது. அது தாமதம்தான், ஆனாலும் வீண் இல்லை என்பது என் கட்சி.

உங்க கட்சி என்ன? பின்னூட்டத்தில் சொல்லுங்க. கும்மி அடிக்கிறதா இருந்தாலும் சரி, கொஞ்சம் பார்த்து அடிங்க :-)

பி.கு: காலியானோ ஊருக்குப் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கணும்னு ஒரு எண்ணம் இருக்கு. தீசிஸ் முடியட்டும். போனால் படத்தோடு இன்னொரு பதிவு போடறேன்.